கடுக்காயா, தேன்மெழுகா, தேங்காய் எண்ணெயா: பழைய இரும்புக்கும் வெண்கலத்துக்கும் எது காப்பு?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஜாடியில் இருக்கும் உப்புகூட நீர்விடும். எங்கள் பரணில் தாத்தாவின் வெட்டரிவாளும் ஒரு பழைய வெண்கல மணியும் இருக்கின்றன. இரண்டையும் ரசாயனம் இல்லாமல் காப்பாற்றப் பார்த்ததில் தெரிந்துகொண்டது இது.

தேங்காய் எண்ணெயை முதலிலேயே விலக்கிவிடலாம். மலைக்குளிரில் உறைந்துபோகும், தூசியை இழுக்கும். நாள்பட்டுக் காறிப்போனால் அதிலுள்ள அமிலமே உலோகத்தைத் தின்னும்.

இரும்புக்குக் கடுக்காய்தான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, தோலை இடித்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்டினேன். தளர்ந்த துருவைத் தட்டிவிட்டு அரிவாளில் தடவியபோது, தூரிகை போன தடத்தில் செங்கல் நிறம் நீலம் பாய்ந்து, சற்று நேரத்தில் கறுத்தது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின் துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து எழுத்து மை ஆவதும் இதே வினைதான். நம் மலையின் சீகை (வாட்டில்) மரப்பட்டையிலும் இந்தச் சத்து உண்டு. தோல் பதனிட அதைத்தான் உரித்தார்கள்.

ஆனால் ஒருமுறை கறுத்தது பழையபடி திரும்பாது. 1870-களின் தொடக்கத்தில் நீலகிரி ஆணையர் பிரீக்ஸ் இங்குள்ள பழங்கால ஈமக் கற்குவைகளைத் தோண்டியபோது வெண்கலக் கிண்ணங்களோடு இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அப்படி மண்ணிலிருந்து வந்த இரும்பின் துருவில் துணியின் நெசவும் மரப்பிடியின் ரேகையும் பதிந்திருக்கலாம். அதில் கடுக்காய்ச் சாறு படவே கூடாது. தாத்தாவின் அரிவாளுக்குச் சரி, கற்குவைக் கத்திக்கு வேண்டாம்.

தேன்மெழுகு இந்த விஷயத்தில் மேல். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். 60 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். பொருளை வெதுவெதுப்பாக்கி, மெல்லிசாகத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். கடுக்காய் காய்ந்த பிறகு அரிவாளுக்கு மேலே இதைத்தான் பூசினேன். செம்பு கலந்த பொருளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மெழுகிலும் அமிலம் உண்டு, வருடக்கணக்கில் பச்சை கட்டலாம்.

காப்பகங்களில் வெண்கலத்துக்கு 1960-களிலிருந்து பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைப் பூசுகிறார்கள். வேலை செய்கிறது, ஆனால் உடம்புக்கு நல்லதில்லை. கையுறையும் காற்றோட்டமும் இல்லாத வீட்டில் அதைத் தொடவேண்டாம்.

எங்கள் மணிக்கு வருகிறேன். சித்தி அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். நூறாண்டுப் பாசிநிறம் ஒரே மதியத்தில் போனது, இன்றும் மனசு ஆறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் விளிம்பில் வெளிர்பச்சைப் பொடி, தொட்டால் உதிர்கிறது. அது உப்பிலுள்ள குளோரைடின் வேலை, வெண்கலத்துக்கு வரும் நோய். இதன்மேல் மெழுகு பூசினால் நோயை உள்ளேயே வைத்து மூடியதாகிவிடும். காற்றின் ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அதனால் எதுவும் பூசாமல், இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பொட்டலங்களைச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுகிறேன்.