ஹட்டனில் பயோஸ் கடவுச்சொல்லை நீக்கித் தந்த மாடிக் கடை

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மாடியில் தனி ஆளாக ஓர் இளைஞர் நடத்தும் கணினி திருத்தும் கடைக்கு இந்த ஆண்டில் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பிரச்சினை ஒன்றே: பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளில், வைத்த கடவுச்சொல் தெரியாமல் போனது. தீர்த்த விதம் மட்டும் முற்றிலும் வேறு.

முதலில் கொண்டுபோனது வீட்டு மேசைக் கணினி. அதை வாங்கிய அண்ணன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது, பிள்ளைகள் தொட்டுக் குழப்பிவிடக் கூடாது என்று, இயக்கியவுடனேயே கடவுச்சொல் கேட்கும்படி பயோஸில் ஒன்றை வைத்தார். திரும்பிப் போன பின் எதை வைத்தோம் என்பது அவருக்கே நினைவில்லை. மூன்று முறை பிழையாக அடித்தால் கணினி அப்படியே நின்றுவிடும். அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக எட்டு ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் நான் அடித்துவைத்த கணித வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

வேறொரு கடையில் முதலில் காட்டியபோது, ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் செய்தால் சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பவை போய்விடும் என்றார்கள். வேறு வழி தெரியாமல் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். அன்று அங்கே கூட்டம் அதிகமாக இருந்ததால் கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அந்தக் கூட்டத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மாடிக் கடைத் தம்பி விடயத்தைக் கேட்டதும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை இயக்கினார். டிஸ்க்கே இல்லாத கணினியில் அதே கடவுச்சொல் பெட்டி வந்து நின்றது. “பார்த்தீங்களா டீச்சர், இது டிஸ்க்ல இல்ல, மதர்போர்ட்ல இருக்கு. உங்க வினாத்தாளுக்கு ஒன்றும் ஆகாது” என்றார். அதை எனக்குக் காட்டுவதற்காகவே அந்த ஒரு நிமிடத்தை அவர் செலவழித்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் இந்தக் கடவுச்சொல், திகதி, நேரம் முதலிய அமைப்புகளோடு சேர்ந்து, சீமோஸ் எனப்படும் சிறு நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அதைக் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவப் பெட்டரி. தம்பி மின் வயரைக் கழற்றி, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்படி இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார். பெட்டரிக்கு அருகே நின்ற மூன்று ஊசிகளில் முதலிரண்டை மூடியிருந்த சிறு நீல ஜம்பரைக் குறட்டால் தூக்கி, அடுத்த இரண்டில் பத்து விநாடி வைத்து, மீண்டும் பழைய இடத்தில் போட்டார். விளிம்பில் வெள்ளை பூத்திருந்த பழைய பெட்டரியை மீற்றரில் பிடித்துக் காட்டிவிட்டு, புதியது போட்டார். கடவுச்சொல் போய்விட்டது.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியதால், விண்டோஸ் தொடங்கும்போதே பிழை காட்டும் நீலத் திரை வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிஸ்க்குடன் கணினி பேசும் முறை ஐடிஈ என்ற பழைய முறைக்கு மாறியிருந்ததைத் தம்பி கண்டு, அதை முன்பிருந்த ஏஎச்சிஐ முறைக்கு ஆக்கியதும் கணினி வழமை போல் திறந்தது. திகதியையும் அவர் திருத்தினார்; அது பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் இணையத் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும் என்றார். பெட்டரி உட்பட 1500 ரூபாய் வாங்கினார்.

இந்த அனுபவத்தால், பேராதனையில் படிக்கும் அக்கா மகனின் மடிக்கணினியையும் பெட்டரியைக் கழற்றித் திருத்திவிடலாம் என்ற நினைப்போடு இரண்டாம் முறை போனேன். அது கைமாறி வாங்கியது. விண்டோஸ் திறக்கும், ஆனால் பயோஸ் பக்கத்துக்குள் நுழைய மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேட்கும். யுஎஸ்பியிலிருந்து தொடங்கும் வசதி உள்ளே பூட்டப்பட்டிருந்ததால் அந்த வழியில் விண்டோஸைப் புதிதாக நிறுவ முடியவில்லை. தம்பி அதைத் திறந்துகூடப் பார்க்காமல், வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டார். “கோபிச்சுக்காதீங்க டீச்சர், களவு போன மெஷினும் இப்படித்தான் வரும்.” என்னையே சந்தேகிக்கிறாரா என்று அப்போது மனம் சுருங்கியது உண்மை. விற்றவரிடம் எழுத்தில் ஒரு கடிதமும் அவருடைய பழைய பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டு மறு வாரம் போனேன். என் பொருள் களவு போனால் எந்தக் கடையிலும் இப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன்.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் கடவுச்சொல், பெட்டரி இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் சில்லில் (சிப்) பதிவாகிறது. பெட்டரியை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் அது அழியாது. லெனோவோவின் திங்க்பேட் வகைக்கு, இந்த மேற்பார்வையாளர் கடவுச்சொல் மறந்தால் தாய்ப்பலகையை (மதர்போர்ட்) மாற்றுவதே வழி என்று அந்த நிறுவனமே கையேட்டில் எழுதியிருக்கிறது. அக்கா மகனுடையது வேறு வகை என்பதால், சில்லை நேரடியாக வாசித்துப் பார்க்கலாம், ஆனால் பலகை பழுதாகும் வாய்ப்பும் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொன்னார்.

தொடங்குவதற்கு முன் விண்டோஸைத் திறந்து, டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். போடப்பட்டிருந்தது. அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எடுத்து என் கையில் தந்த பிறகே ஆணிகளைக் கழற்றினார். எட்டுக் கால் சில்லின் மேல் உள்ள எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசித்து, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதிசெய்தார். பிழையான மின்னழுத்தம் கொடுத்தால் சில்லு எரிந்துவிடுமாம். பிறகு சில்லை வாசிக்கும் கருவியின் கிளிப்பை அதில் கவ்வவைத்து உள்ளிருப்பதை இரண்டு தடவை வாசித்து, இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டார். இயந்திரத்தின் தொடரிலக்கமும் விண்டோஸ் உரிமச் சாவியும் அதே சில்லில்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் கோப்பை மேலே எழுதினால் அவை போய்விடும். இவர் எங்கள் பிரதியிலேயே கடவுச்சொல் பகுதியை மட்டும் துடைத்து எழுதினார். முதல் முறை திறந்தபோது விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்டது. தாள் கையில் இல்லாதிருந்தால் அவனுடைய படிப்புக் கோப்புகள் அனைத்தும் பூட்டிய பெட்டிக்குள் கிடந்திருக்கும்.

இதற்கு 7500 ரூபாய் எடுத்தார். செய்த வேலைக்கு அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. பற்றுச்சீட்டில் ‘சேவை’ என்று ஒரு சொல் மட்டுமே எழுதுகிறார். எந்த அமைப்பு மாறியது, எந்தப் பெட்டரி போட்டது என்பதை எழுதித் தந்தால் பிறகு யாரிடம் காட்டவும் உதவும். தனி ஆள் என்பதால், பத்தாந் திகதிச் சம்பளத்துக்குப் பிந்திய நாட்களில் கைத்தொலைபேசியோடு வருவோர் கூட்டத்தில் நம் வேலை பின்தள்ளப்படுகிறது. மடிக்கணினிக்கு நான்கு நாட்கள் காத்திருந்தேன். படி செங்குத்தானது, மழை நாளில் வழுக்கும். பாரமான பெட்டியோடு போவோர் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிச் செல்வது நல்லது. மடிக்கணினியானால் சார்ஜரையும் எடுத்துச் செல்லுங்கள். நான் அதை டிக்கோயாவில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதால், வேலை முடிந்தும் இயக்கிப் பார்க்க முடியாமல் மறுநாள் மீண்டும் பஸ் ஏற வேண்டியதாயிற்று.