11 நிமிடங்களுக்காக ஒரு மேல்முறையீடு: ஒரு வழக்கறிஞர் அலுவலகம் பற்றிய மதிப்பீடு

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த என் மைத்துனரின் வழக்கில், நெடுஞ்சாலையில் காரை நிறுத்திக் காவலர் கைப்பற்றிய பொருளைச் சான்றாக ஏற்கக் கூடாது என்ற மனு தள்ளுபடியானது. தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகு, மேல்முறையீடுகளை மட்டுமே நடத்தும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தை நாடினோம். இறுதி முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே வெற்றி தோல்வியை வைத்து நான் அவர்களை அளக்கவில்லை.

முதல் சந்திப்பில் மூத்த வழக்கறிஞர் காவலரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, மனு மீதான உத்தரவை எதிர்க்கும் உரிமை அரசுத் தரப்பு, நீதிமன்றம் இரண்டின் இசைவோடு எழுத்தில் தக்கவைக்கப்பட்டதா என்றுதான் கேட்டார். அது இல்லையென்றால் பெரும்பாலும் வாதமே கைநழுவிவிடுமாம். நல்லவேளையாக, முந்தைய வழக்கறிஞர் அதைச் செய்திருந்தார்.

காவலரின் உள்நோக்கமே வேறு என்பதுதான் எங்கள் பெரிய குமுறல். போக்குவரத்து விதிமீறல் நடந்ததாகக் கருத நியாயமான காரணம் இருந்தால் உள்நோக்கம் பொருட்டல்ல என்று 1996-இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதைக் காட்டி, அந்த வாதத்தை அன்றே எடுத்துவிட்டார்கள். எஞ்சியது நேரக் கணக்கு. எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்து முடித்த பிறகும் மோப்ப நாய்க்காக 11 நிமிடம் நிறுத்திவைத்தது காவலரின் உடல் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. நெப்ராஸ்காவில் எழுந்த ரோட்ரிகஸ் வழக்கில், அதைப் போன்ற 7, 8 நிமிடத் தாமதத்தைக்கூட, தனியாக நியாயமான சந்தேகம் இல்லாவிட்டால் நியாயமற்ற சோதனையையும் பிடித்துவைப்பதையும் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் அனுமதிக்காது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சொன்ன கையோடு, வழக்கு கீழே திரும்பியபோது, காவலர் அன்றைய முன்தீர்ப்புகளை நம்பி நல்லெண்ணத்தோடு நடந்தார் என்று கூறி நெப்ராஸ்காவுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான எட்டாவது வட்டார நீதிமன்றம் ரோட்ரிகஸின் தண்டனையை மீண்டும் உறுதிசெய்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. கட்டணம் பேசுவதற்கு முன்பே இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வாத அறிக்கையும் அதே நிதானத்தில் எழுதப்பட்டிருந்தது. விசாரணை நீதிபதி கண்டறிந்த உண்மைகளை, தெளிவான பிழை இருந்தாலொழிய மேல் நீதிமன்றம் மாற்றாது; சந்தேகம் நியாயமானதா என்ற சட்டக் கேள்வியை மட்டும் புதிதாக ஆராயும் என்பதை 1996-இன் ஒர்னலாஸ் வழக்கு வகுத்திருக்கிறது. ஆகவே காவலரின் சொல்லோடு மல்லுக்கு நிற்காமல், அவர் சொன்னதை அப்படியே ஏற்றாலும் என் மைத்துனரைச் சந்தேகிக்க நியாயமான அடிப்படை இல்லை என்று வாதத்தைக் கட்டியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. விசாரணையின் எழுத்துப்படிக்குத் தனிக் கட்டணம் என்பது ரசீது வந்த பிறகே தெரிந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒரு வாரம்கூட ஆகிறது. கூட்டாட்சிக் குற்ற வழக்கில் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்யக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு 14 நாட்களே உண்டு என்பதால், இவர்களை அமர்த்த நினைப்பவர்கள் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திராமல் நேரில் போய்விடுவது நல்லது.