உடைந்த கார் கதவுக் கண்ணாடி: புதுசா, பழைய வண்டியில் கழற்றியதா?

பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது. உடைந்தால் பொடிப்பொடியாகிவிடும், ஒட்டவைக்க வழியில்லை. மாற்றத்தான் வேண்டும்.

பழைய வண்டியில் கழற்றியது மலிவு. கம்பெனிக் கண்ணாடியே கிடைக்கும். சில மாடல்களில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரோடு சேரும் பிராக்கெட் (பிடிப்பான்) கண்ணாடியில் ஒட்டியே வரும், அது பெரிய லாபம். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேலும் கீழுமான கீறல் இருந்தால் வேண்டாம். விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். டெம்பர்டு கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம், பிறகு தானாகவே நொறுங்கலாம்.

புதியதில் இந்தக் கவலை இல்லை. நிறச் சாயல் மற்ற கண்ணாடிகளோடு ஒத்துப்போகிறதா, பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முன்பே கேளுங்கள். உடைந்த கண்ணாடியின் மூலையிலுள்ள முத்திரையில் லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்றிருந்தால் அதே வகையையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வேலை ஒன்றுதான், சொதப்புவதும் ஒரே இடத்தில்தான். கதவின் அடியில் கிடக்கும் சில்லுகளை வேக்குவமால் உறிஞ்சாவிட்டால் கடகடவென்று சத்தம் வரும். நீர் வடியும் துளை அடைபட்டுத் துருவும் பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனலில் ஒரு துண்டு தங்கினாலே போதும், புதுக் கண்ணாடியில் கோடு விழும். கண்ணாடியைப் பிடிக்கும் போல்ட்டை மிகவும் இறுக்காதீர்கள்.

கீறலில்லாத பழையது கையில் கிடைத்தால் அதையே எடுக்கலாம். பார்க்காமல் வாங்குவதென்றால் புதியதே.