மூன்று விலை எஸ்டிமேட்: சில வருடம் பயன்படுத்திய அனுபவம்

வீட்டு வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் குறைந்தது, வழக்கமானது, அதிகபட்சம் என மூன்று விலை எழுதும் முறையைச் சில வருடங்களாக எக்ஸெல்லில் பயன்படுத்தி வருகிறேன். வெறும் சதுரடி ரேட்டுக்குத் திரும்பும் எண்ணமே இல்லை.

கணக்கு சுலபம். வழக்கமான விலையை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். கம்பி கிலோ 60, 66, 80 என்று வைத்தால் 67 ரூபாய் சொச்சம் வரும். ஆனால் இந்தச் சராசரியைவிட எனக்கு உதவுவது குறைந்த விலைக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள இடைவெளிதான். 4 டன்னுக்கு 80,000 ரூபாய் வித்தியாசம். எஸ்டிமேட்டில் எந்த ஐட்டத்தின் வரியில் இடைவெளி பெரிதோ, அங்கேதான் கையைக் கடிக்கும். 2022 மே மாதம் மத்திய அரசு ஏற்றுமதி வரி போடும்வரை கம்பி விலை ஏறிய ஏற்றம் கட்டட வேலையில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கரிசல் மண் என்றால் கடைக்கால் வரியில்தான் இடைவெளி பெரிது. சாதாரண ஃபுட்டிங் போதுமா, அண்டர் ரீம்டு பைல் (ஆழமாக இறக்கி, அடிப்பக்கம் குமிழ்போல் அகலமாக்கிய கான்கிரீட் தூண்) போட வேண்டுமா என்பதே தெரியாமல் என்ன விலை எழுதுவது? முதலில் மண் பரிசோதனை செய்யச் சொல்லிவிடுவேன். மொத்தத்தில் பத்து சதவீதம் சேர்த்து ஓனர் தலையில் வைப்பதைவிட இது எவ்வளவோ நியாயம்.

இதில் ஒரு பெரிய குறையும் உண்டு. தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ராண்ட் ஃபங்ஷன் வைத்து, விலைகளை மாற்றி மாற்றி ஆயிரம் முறை கணக்கை ஓடவிட்டால், எக்ஸெல் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும். ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தில் அடிபட்டு, மொத்தம் பத்திரமாக இருப்பதுபோல் தெரியும். நிஜத்தில் டீசல் ஏறினால் எம் சாண்ட், ஜல்லி, செங்கல், மண் லோடு நாலும் சேர்ந்தேதான் ஏறும். ஒவ்வொன்றின் திட்ட விலகல் (சராசரியிலிருந்து விலை எவ்வளவு சிதறும் என்ற அளவு) 10,000 ரூபாய் என்றால், தனித்தனியாகப் பார்க்கையில் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், மொத்த விலகல் 20,000. சேர்ந்து ஏறினால் 40,000. அதனால் லாரி வாடகை கலந்த வரிகளுக்கெல்லாம் ஒரே ராண்ட் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். மூன்று விலை முறையைப் பழகுகிறவர்கள் இதை முதல் நாளிலேயே செய்துவிடுவது நல்லது.

அப்புறம், 'ஒரே ரேட்டா சொல்லுங்க சார்' என்றுதான் ஓனர்கள் கேட்பார்கள். ஓடவிட்ட அந்த ஆயிரம் கணக்கில் எண்ணூறு முறை தாண்டாத தொகையைச் சொல்லி, அதில் எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு என்பதைத் தனி வரியாக எழுதிக் கொடுக்கிறேன். டைல்ஸை மாற்றினால் அதற்குத் தனி பில். எதிர்பாராத செலவு வரியில் கை வைக்கக்கூடாது. காம்பவுண்ட் சுவர், பூச்சு ரிப்பேர் மாதிரி சின்ன வேலைகளுக்கு இத்தனை கணக்கும் தேவைப்படுவதில்லை.