ஆச்சி வீட்டுப் படங்கள்: ஸ்கேனரா, கேமராவா, போனா?

செங்கோட்டையில் ஆச்சி வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த பழைய போட்டோக்கள் என் பொறுப்புக்கு வந்தன. வருஷா வருஷம் ஆனி, ஆடிச் சாரல் தின்றது போக மிச்சம். அவற்றை டிஜிட்டலாக்க மூன்று வழியும் பார்த்தேன்.

உதிரியாக, நெளியாமல் இருக்கும் படத்துக்கு, கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து எடுக்கும் ஃப்ளாட்பெட் ஸ்கேனரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெளிச்சம் ஓரம் வரை சீராக விழும், படம் கோணாது. ஸ்கேனர் வரும் அட்டைப்பெட்டியில் 4800 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 4x6 அங்குலப் படத்தை 600-ல் எடுத்தாலே 2400x3600 புள்ளிகள். இரண்டு மடங்கு பெரிதாகப் பிரிண்ட் போடலாம். அதற்கு மேல் ஏற்றினால் பேப்பரின் நார் தெரியும், தாத்தா முகத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு மட்டும் 1200 வைத்தேன். சேமிக்க, தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைல்; வாட்ஸ்அப்பில் அனுப்ப, சிறிய ஜேபெக் (JPEG) நகல் தனி.

ஸ்கேனர் என்னைக் கைவிட்டது ஃப்ரேம் போட்ட படங்களில்தான். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. பிய்த்தால் முகமும் சேர்ந்து வரும். சித்தப்பா கல்யாணப் படத்தில் ஒருவருக்குக் காது போனது அப்படித்தான். சரி, கண்ணாடியோடு வைக்கலாம் என்றால், என்னுடையது சிஐஎஸ் வகை ஒல்லி ஸ்கேனர், சென்சார் கண்ணாடியை ஒட்டியே ஓடும். மேலே படிந்து கிடப்பது மட்டும்தான் அதற்குத் தெளிவு. இடையில் கண்ணாடியின் கனம் வந்ததும் கலங்கிவிட்டது. உள்ளே லென்ஸ் வைத்த சிசிடி வகை கொஞ்சம் தாங்கும், ஆனால் விலை கூட.

அங்கே கேமராதான் ஜெயித்தது. ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, பிரதிபலிப்பு விழாமல் இருக்கக் கறுப்புத் துணி. சொரசொரப்புப் பேப்பர் கலர் படங்களிலும் இதுதான் சுத்தம். ஸ்கேனரில் வந்த புள்ளிப் புள்ளி மினுக்கல் இதில் இல்லை. என்ன, கேமராவும் படமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அதற்கே அரை நாள் போயிற்று.

போன்? கூகுள் போட்டோஸ்கேன் என்ற ஆப் நான்கைந்து தடவை எடுத்துச் சேர்த்துக் கண்ணாடிப் பளபளப்பை நீக்குகிறது. அத்தை சுவரிலிருந்து கழற்ற விடாத படங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

ஒரு படத்தை ஸ்டுடியோவில் கொடுத்தும் பார்த்தேன். ஆச்சியின் அம்மை வடுவைத் துடைத்து, வெளுத்த யாரோ ஒரு அம்மாளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம், படத்தைத் திருப்பிப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை செங்கோட்டை மலையாளப் பக்கம் அல்லவா? எங்கள் படங்கள் சிலவற்றின் முதுகில் மலையாள முத்திரை, பென்சிலில் தாத்தாவின் தமிழ். அந்த முதுகைப் படமெடுத்து வைக்கப் போனே போதும்.