விண்டோஸ் 10-ஐ விட்டு மாறத் திட்டமிட்டுத் தரும் எஸ்.பி. ரோடு சேவை: ஒரு பட்டறையின் மதிப்பீடு

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கணினி விற்றுக்கொண்டிருந்த கடைகள் சில, நிறுவனங்களைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றித் தரும் சேவையையும் தொடங்கின. பீன்யாவில் உள்ள எங்கள் இயந்திர உதிரிபாகப் பட்டறைக்காக அவற்றுள் ஒன்றை அமர்த்தினோம். நடத்துபவர்கள் அல்சூர்த் தமிழர்கள் என்பதால் பேச்சுக்குச் சிரமமில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது அவர்கள் முதலில் எடுத்த கணக்கெடுப்பைத்தான். எந்தக் கணினி எத்தனை ஆண்டு பழையது என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு கணினியின் பின்புறத்திலும் என்னென்ன செருகப்பட்டிருக்கின்றன என்று எழுதிக்கொண்டார்கள். டெலிவரி சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வரைபட மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள், கணினி நிரலால் இயங்கும் பழைய சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் அனுப்பும் சீரியல் கேபிள் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. விண்டோஸ் 11-க்கு 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. 32 பிட் மென்பொருள்கள் அதில் ஓடினாலும் இப்படிச் செருகிய சாதனங்களை இயக்கும் 32 பிட் டிரைவர்கள் ஓடா. ஆகவே மாற்றம் எங்கே தடைப்படும் என்பதைக் கணினியைவிட அதன் பின்னால் தொங்கும் கேபிள்களே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

கணினிகளின் தகுதியைப் பார்த்த விதத்திலும் நேர்மை இருந்தது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது, குறியாக்கச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0, கணினி தொடங்கும்போதே அந்நிய நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆகியவற்றை விண்டோஸ் 11 கேட்கிறது. ‘தகுதியில்லை’ என்று சோதனை மென்பொருள் காட்டிய எங்கள் கணினிகளில் சிலவற்றுக்குச் செயலி போதுமானதாகவே இருந்தது, டி.பி.எம். வசதி மட்டும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் பி.டி.டி. என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, வட்டின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறையை எம்.பி.ஆர். என்ற பழைய வடிவிலிருந்து, செக்யூர் பூட்டுக்குத் தேவையான ஜி.பி.டி. வடிவுக்கு, உள்ளிருந்த தரவை அழிக்காமலே மாற்றிக் கொடுத்தார்கள். புதுக் கணினி விற்பதும் அவர்கள் தொழில்தான் என்பதை நினைத்தால், இது சிறிய விஷயமன்று.

தகுதியே இல்லாத கணினிகளுக்கு, கட்டணம் செலுத்தி நீட்டிக்கும் பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று எங்கள் முதலாளி கேட்டார். நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த பட்டியல் விலை கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, மூன்று ஆண்டுகளுக்கு 427 டாலர் ஆகிறது. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதலாண்டுக் கட்டணத்தைச் சேர்த்தே கட்ட வேண்டும். அந்தத் தொகைக்குச் சாதாரண அலுவலகக் கணினி ஒன்றையே வாங்கிவிடலாம் என்பதால், அடுத்த நிதியாண்டில் எப்படியும் மாற்றவிருக்கும் கணினிகளுக்கு மட்டும் ஓராண்டுக்கு எடுங்கள் என்றார்கள். சி.என்.சி. கணினிக்கு அதுவும் வேண்டாம் என்று சொல்லி, அதை அலுவலகக் கணினி வலையான லேனிலிருந்தும் இணையத்திலிருந்தும் துண்டித்து, அதற்கென ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதையும் வேறு கணினியில் சோதித்த பிறகே செருக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2017 மே மாதத்து வான்னாகிரை என்ற பிணைத்தொகை கேட்கும் தீநிரல், இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்துவிட்ட திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் புகுந்து பரவியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி மிகையாகத் தோன்றாது.

தேதிகளைத் தேர்ந்ததில் கணக்குப் பிரிவின் கஷ்டம் தெரிந்தவர்களின் கை தெரிந்தது. மாதந்தோறும் 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி என்று ஓடும் அலுவலகத்தில் இடையில் எதையும் தொட முடியாது. எனவே 20ஆம் தேதி கழிந்த வார இறுதியை வைத்துக்கொண்டார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இருந்த விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றினால், பிடிக்காவிட்டால் திரும்பிச் செல்வதற்கு இயல்பாகக் கிடைப்பவை 10 நாட்கள் மட்டுமே. அடுத்த தாக்கலில் டோக்கன் வேலை செய்கிறதா என்று தெரிவதற்குள் அந்த அவகாசம் முடிந்துவிடும். அதை ஒரு கட்டளையின் மூலம் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். நாங்கள் கேட்காமலே அதைச் செய்து வைத்தார்கள். இத்தனைக்கும் கொட்டேஷனில் இதற்கென ஒரு வரிகூட இல்லை.

இனி குறைகள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலை மறுக்கிறது. கோப்புப் பகிர்வு இணைப்புகளில் செல்லும் தரவு இடையில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமிடலையும் கட்டாயமாக்குகிறது. வலையில் இணைத்த பழைய சேமிப்புப் பெட்டியில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருந்த எங்கள் வரைபடக் கோப்புறை, திங்கட்கிழமை காலையில் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. பிரிண்டர்களை அத்தனை நுணுக்கமாகப் பட்டியலிட்டவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்கிச் சரிசெய்தார்கள். அது முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. வட்டுகளைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவிகளையும் நாங்கள் கேட்ட பிறகுதான் தந்தார்கள். தாய்ப்பலகை மாற்ற நேர்ந்தால் அந்த 48 இலக்கச் சாவியின்றித் தரவை எடுக்க முடியாது. அது நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டுமே தவிர, சேவை செய்தவரின் மடிக்கணினியில் இருக்கக் கூடாது. வேலை ஒப்படைப்புப் பட்டியலில் இதை முதல் வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் கணினிக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருந்தது. ஒருவர் இணையம் பார்க்க மட்டும் பயன்படுத்தும் கணினிக்கும், கணக்கு மென்பொருளான டேலியும் டோக்கனும் பிரிண்டரும் பிணைந்த கணினிக்கும் ஒரே தொகை என்பது நியாயமாகப் படவில்லை. நாலைந்து கணினிகளை மட்டும் வைத்து, எல்லா வேலையையும் உலாவியிலேயே முடித்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு இந்தச் சேவை அநாவசியம். மைக்ரோசாஃப்டின் இலவசச் சோதனை மென்பொருளும், வேறொரு வட்டில் எடுத்த முழுக் காப்புநகலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இயந்திரங்களோடு கேபிள் போட்டு வாழும் பட்டறைகள் தாராளமாக அமர்த்தலாம்.

ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் அதே அக்டோபர் 14 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது. கொட்டேஷன் வாங்கும்போது அந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனெனில் அவர்களாகச் சொல்வதில்லை. கழித்த கணினிகளை அவர்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் வட்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் கொடுத்தோம்.