எங்கள் பாரிஷ் கவுன்சில் கணக்குகளைத் திறந்து காட்டும் விதம்: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறிய உள்ளாட்சி மன்றம்) உள்ள பகுதிகளில் வசிப்பவர்கள், தாங்கள் கட்டும் கவுன்சில் வரியில் ஒரு சிறு பங்கை அதற்கும் செலுத்துகிறார்கள். தொகை சிறியது என்பதால் அது எப்படிச் செலவாகிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. எங்கள் சிறுவர் பூங்காவின் ஊஞ்சல்களும் சறுக்குமரமும் புதிதாக மாற்றப்பட்டபோதுதான், அதற்கு எவ்வளவு செலவானது, அந்த ஒப்பந்தக்காரர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற இரண்டு கேள்விகளோடு கவுன்சிலை அணுகினேன். முதல் கேள்விக்கு நிறைவான விடை கிடைத்தது. இரண்டாவதற்கு இன்றுவரை பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

கணக்குகளைப் பார்வையிடும் ஏற்பாட்டை மனமாரப் பாராட்ட வேண்டும். 2014 ஆம் ஆண்டின் உள்ளூர் தணிக்கை மற்றும் பொறுப்புடைமைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு, தணிக்கைக்கு உட்படும் ஆண்டின் பேரேடு, ஒப்பந்தங்கள், விலைப்பட்டியல்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பார்க்கவும் நகலெடுக்கவும் மக்களுக்கு உரிமை அளிக்கிறது. ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் இந்தக் கதவு திறந்திருக்கும். சிறிய கவுன்சில்களைப் பொறுத்தவரை ஜூலை மாதத்தின் முதல் 10 வேலை நாட்கள் அதற்குள் கட்டாயம் அடங்க வேண்டும். நான் மின்னஞ்சல் அனுப்பிய நான்காம் நாளே, கவுன்சிலின் நிர்வாக அலுவலரான கிளார்க் நேரம் ஒதுக்கித் தந்தார். ஆவணங்களை மாத வாரியாக அடுக்கி வைத்திருந்ததோடு, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் முறை என்றாலும், முதன்முறையாகச் செல்பவருக்கு அது தரும் துணிவு பெரிது. ஊழியர்களின் தனிப்பட்ட ஊதிய விவரங்கள் மட்டும் மறைக்கப்பட்டிருந்தன. அது சட்டம் ஏற்கும் மறைப்பே. இரண்டு மணி நேரத்தில் பூங்காச் செலவு முழுவதையும் என்னால் கூட்டிப் பார்க்க முடிந்தது.

குறை கூட்டங்களில் இருக்கிறது. பாரிஷ் கவுன்சிலின் கூட்டங்களில் மக்கள் அமரலாம் என்ற உரிமை, 1960 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திலிருந்து வருகிறது. (அப்போது புதிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம் அது.) ரகசியத் தன்மை கொண்ட விஷயங்களுக்காக மக்களை வெளியே அனுப்பவும் அச்சட்டம் இடம் தருகிறது, ஆனால் அதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், வேறு சிறப்புக் காரணங்களுக்காக வெளியேற்றினால் அவற்றைத் தீர்மானத்திலேயே குறிப்பிட வேண்டும். ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்த அன்று எங்களை வெளியேறச் சொன்னபோது, "வணிகக் காரணங்கள்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு விளக்கம் சொல்லப்படவில்லை. கூட்டக் குறிப்பில் "மூன்றாவது விலைப்புள்ளி ஏற்கப்பட்டது" என்ற ஒற்றை வரியே இருக்கிறது. குறைந்த விலைக்காகவா, நீண்ட உத்தரவாதத்துக்காகவா, வேறு எதற்காக என்பதை அதிலிருந்து யாராலும் அறிய முடியாது. எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைக் காட்டத் தயங்காத ஒரு கவுன்சில், ஏன் அப்படிச் செலவழித்தார்கள் என்பதை மூடி வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே, 2000 ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மூன்று விலைப்புள்ளிகளின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு எழுதினேன். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எனக்கு 27 ஆம் வேலை நாளில் வந்தது, தாமதத்துக்கு ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல். மொத்த விலைகள் இருந்தன, மதிப்பெண்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. போட்டியாளரின் வணிக நலன் பாதிக்கப்படும் என்பதற்காக மறுப்பதானால், அந்தப் பாதிப்பைவிட மக்கள் நலன் பெரிதா என்று கவுன்சில் சீர்தூக்கிப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும். அந்தப் பகுதி கடிதத்தில் இல்லை. உள் மறுபரிசீலனை கேட்டிருக்கிறேன்; அதிலும் நிறைவு இல்லையென்றால் தகவல் ஆணையாளர் அலுவலகத்தில் முறையிடுவேன்.

நிகழ்ச்சி நிரல்கள் உரிய காலத்தில், கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகின்றன. இணையதளத்தில் பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடி எடுப்பது சிரமம்.

இந்தச் சேவையைப் பயன்படுத்த விரும்புவோர் ஜூன் மாதத்திலேயே பார்வை நாட்களின் அறிவிப்பைக் கவனித்து, எந்தச் செலவின் ஆவணங்கள் வேண்டும் என்று எழுத்து மூலம் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. உள்ளூர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் தணிக்கையாளரிடம் கேள்வி எழுப்பவும் கணக்குக்கு முறைப்படி ஆட்சேபம் தெரிவிக்கவும் முடியும். இங்கே சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அந்தப் பட்டியலில் சேரலாம் என்பதை நம்மவர்களில் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.